படகில் ஏறக்கூடாத பொருள்கள்

புதிதாக உணவு ஆலோசகர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த சர்க்கரை நோய் கிளினிக்கிலிருந்து போன மாதம் போன் வந்தது. "உங்க அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், புதுப் பிள்ளைங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்கள். என்னுடைய சாதனைகளையெல்லாம் பணி ஓய்வு விழாவிலேயே மைக் போட்டு வாசித்துவிட்டார்கள். அதில் பாதி மிகை. மிச்சப் பாதியில் ஒன்று சுத்தப் பொய், அதையும் மாலை போட்ட கழுத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யைத்தான் இப்போது திருத்தப் போகிறேன்.

என்னைப் பார்க்க வரும் உங்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். சர்க்கரை நோயாளி சீனி போடாத எனர்ஜி டிரிங்க் குடிக்கலாமா, செயற்கை இனிப்பு நல்லதா கெட்டதா? எனக்கு இதற்கு ஒரு காலத்தில் மிகத் தெளிவான பதில் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு ஒரு மனிதரைக் கிட்டத்தட்டக் கொன்றது.

அவர் பெயர் கலியபெருமாள். கருக்களாச்சேரிக்காரர், விசைப்படகு டிரைவர். நாற்பத்தெட்டு வயது, நல்ல உயரம், சிரித்தால் கிளினிக் முழுக்கக் கேட்கும். மூன்று நாள் நான்கு நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கும் படகு அவருடையது. தூக்கத்தை விரட்ட ஒரு நாளைக்கு நான்கு டின் எனர்ஜி டிரிங்க் குடிப்பார். எல்லாம் சீனி போட்டது. சர்க்கரை அளவு இறங்கவே மாட்டேன் என்றது. எங்கள் பெரிய டாக்டரும் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனார்.

கிளினிக்கில் என்னிடம் ஒரு வித்தை உண்டு. எல்லார் முன்னாலும் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு டின்னில் எவ்வளவு சீனி இருக்கிறதோ அவ்வளவையும் ஸ்பூன் ஸ்பூனாக எண்ணிப் போடுவேன். ஐந்தாவது ஸ்பூனுக்கு நோயாளிகள் 'ச்சோ' கொட்டுவார்கள். ஆறாவதை நான் வேண்டுமென்றே மெதுவாகப் போடுவேன். வேறு தொழிலுக்குப் போயிருந்தால் நாடகத்தில் பிழைத்திருப்பேன் என்று பெரிய டாக்டர் சொல்வார். அதைப் பாராட்டு என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலியபெருமாளுக்கும் அந்த வித்தையைக் காட்டினேன். ஆடிப்போய்விட்டார்.

"தூக்கம் வருமே டாக்டரம்மா, நான் என்னா பண்றது?"

நான் டாக்டர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிக் கூப்பிட்டவர்களை ஒவ்வொரு முறையும் திருத்தினேன். பத்து வருடத்துக்குப் பிறகு எப்போதாவது திருத்தினேன். அதற்கப்புறம் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

"அதே டிரிங்க் சீனி இல்லாம வருது. அதைக் குடிங்க" என்றேன்.

"இனிப்பா இருக்குமா?"

"இனிப்பாவே இருக்கும்."

"சீனி இல்லாம எப்புடிம்மா இனிக்கும்?"

செயற்கை இனிப்பைப் பற்றி இருபது நிமிடம் வகுப்பெடுத்தேன். நாக்குக்கு மட்டும் இனிப்பு, ரத்தத்துக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி முடித்தேன். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அவர் நான் சொன்னபடி செய்தார். ஆனால் இரண்டு வாரம் கழித்து வந்து உண்மையை ஒப்புக்கொண்டார். படகில் சீனி இருந்தால் கை தானாகப் போகிறதாம். டீயில் இரண்டு ஸ்பூன், ஆட்கள் வாங்கி வைத்திருக்கும் பிஸ்கட்டில் நாலு. அப்போதுதான் எனக்குள் இருந்த கலெக்டர் எழுந்தார். கிளினிக் பெயர் அச்சடித்த தாளை எடுத்தேன். 'படகில் ஏறக்கூடாத பொருள்கள்' என்று தலைப்புப் போட்டேன். சீனி, வெல்லம், தேன், பிஸ்கட், மிட்டாய், சீனி போட்ட கலர் சோடா, பழச்சாறு. டீக்கு இனிப்பு மாத்திரை. ஐஸ் பெட்டியில் சீனி இல்லாத டின் மட்டும். அடியில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். முத்திரை குத்த எனக்கு அதிகாரம் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

அந்தத் தாளை அவர் பிளாஸ்டிக் உறை போட்டு டிரைவர் அறையில் ஒட்டிவிட்டார். எட்டு பேர் வேலை செய்யும் படகில் எட்டு பேருக்கும் அதுவே சட்டம். டிரைவர் உடம்பு தேறட்டும் என்று எல்லாரும் வாயைக் கட்டினார்கள். ஒரே ஒருவர் மட்டும் முறைத்துக்கொண்டார். படகில் சமைக்கும் தங்கையன். ஐம்பத்தைந்து வயது, டீயைப் பொறுத்தவரை சமரசம் இல்லாத ஆள். என்னிடம் நியாயம் கேட்க கிளினிக்குக்கே வந்துவிட்டார்.

"அந்த மாத்திரையைப் போட்டா டீ டீயா இல்லீங்க. குடிச்சப்பறம் நாக்குல ஒரு கசப்பு நிக்குது. சக்கரை அவருக்குத்தானே? நான் என்னா பாவம் பண்ணுனேன்?"

"ஒருத்தருக்காக ஏழு பேர் விட்டுக்கொடுக்கக் கூடாதா? உங்க டிரைவர் உயிரைவிட உங்களுக்கு டீ பெருசா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். எனக்கு அன்றைக்கெல்லாம் நல்ல திருப்தி.

நான் பிறந்தது சுரக்குடி. வயல்காட்டு மனுஷி. கடலை மாசி மகத் தீர்த்தவாரிக்குப் பார்த்ததோடு சரி, கரையில் நின்று கால் நனைத்ததற்கு மேல் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்காவது மயக்கம் வந்தால் எதிர்வீட்டில் சீனி இருக்கும், முக்கில் பெட்டிக்கடை இருக்கும். நடுக்கடலில் எதிர்வீடு கிடையாது என்பது லிஸ்ட் எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு மாதத்தில் கலியபெருமாளின் அளவுகள் இறங்கின. அவர் மனைவி வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு முறையும் குறித்துவைத்துப் படம் எடுத்து அனுப்புவார். நூற்றுப் பத்து, நூற்று இருபது. பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்தது. அத்தனையும் அவர் கரையில் இருந்த நாட்களில், வேளைக்குச் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது எடுத்தவை. கடலில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு எழுதவே கூசும் இடம். டின்னை மாற்றியதையும், படகிலிருந்து சீனியை இறக்கியதையும் நான் பெரிய டாக்டரிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. மூன்று மாத ரத்தப் பரிசோதனை முடிவோடு போய் அவர் மேசையில் வைத்து, "எப்படி சார் இது?" என்று அவர் கேட்பதைக் கேட்க ஆசை. ஆக, நாலு டின் சீனியைக் கணக்கில் வைத்து அவர் ஏற்றிய மாத்திரை அப்படியே இருந்தது, சீனி மட்டும் போய்விட்டது. நோயாளியின் உடம்புக்குள் என்ன நடந்திருக்கும் என்று இந்த வருடம் படிப்பு முடித்த உங்களுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆசை வந்தால் படிப்பு ஒதுங்கி நின்றுகொள்ளும்போல.

உடம்பு எச்சரிக்கையும் செய்தது. ஒரு நாள் கலியபெருமாள் போன் செய்தார்.

"கை லேசா நடுங்குது டாக்டரம்மா. நெஞ்சு படபடங்குது. வேர்க்குது."

"அந்த டிரிங்க்ல காஃபீன் இருக்குல்ல, அதான். ஒரு டின்னைக் குறைங்க" என்றேன். எப்போது நடுங்குகிறது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்கவில்லை. எனர்ஜி டிரிங்க் குடிக்கிறவருக்குப் படபடப்பு வந்தால் பழியைப் போட டின் தயாராகக் கையிலேயே இருக்கிறது. நானும் போட்டேன்.

அப்புறம் அந்த நாள். முற்பகல் பதினொன்றரை இருக்கும். கிளினிக்கில் இருபது பேர் முன்னால் என் வித்தை நடந்துகொண்டிருந்தது. தம்ளரில் ஐந்தாவது ஸ்பூன் விழுந்த நேரத்தில் போன் அடித்தது. கலியபெருமாளின் மைத்துனர், அதே படகில் வேலை செய்பவர்.

"டாக்டரம்மா, மச்சானுக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. வேர்த்து ஊத்துது. ஒளறுறாரு. படகை எங்கேயோ திருப்புறாரு, கேட்டா அடிக்க வர்றாரு. இப்ப உக்கார வச்சுட்டோம், தல தொங்குது."

"காலையில சாப்பிட்டாரா?"

"இல்லம்மா. நல்ல பாடு, மீன் நெறைய. ஏலத்துக்குள்ள கரை புடிச்சிரலாம்னு சாப்புடாம ஓட்டியாந்தாரு. மாத்திர மட்டும் போட்டுக்கிட்டாரு."

சர்க்கரை தாழ்ந்துவிட்டது. இதற்கு நோய் கண்டுபிடிக்கும் சாமர்த்தியமெல்லாம் வேண்டாம்.

"உடனே சீனித் தண்ணி குடுங்க!"



"சீனி ஏது டாக்டரம்மா? நீங்கதானே ஏத்தக்கூடாதுன்னு எழுதிக் குடுத்தீங்க."

"வெல்லம்? பிஸ்கட்? ஒரு மிட்டாய்கூடவா இல்ல?"

"ஒண்ணுமில்லம்மா. சோர்ந்துட்டாருன்னு எனர்ஜி டிரிங்க்தான் மூணு டின் குடுத்தோம். தெம்பு வரும்னு பாத்தா இன்னும் மோசமாவுதும்மா."

நாக்குக்கு மட்டும் இனிப்பு, ரத்தத்துக்கு ஒன்றும் தெரியாது. மூன்று டின்னும் நான் வகுப்பெடுத்தபடியே நடந்துகொண்டன. என் எதிரே மேசையில் ஐந்து ஸ்பூன் சீனி கரைந்த தண்ணீர் யாருக்கும் உபயோகமில்லாமல் இருந்தது. அங்கே கடலில் ஒரு மனிதர் அதில் நாலு மடக்கு கிடைக்காமல் சாய்ந்துகொண்டிருந்தார். என் வாழ்நாளில் ஒரு தம்ளரைப் பார்த்து அவ்வளவு பயந்ததில்லை.

"கரைக்கு எவ்வளவு நேரம்?"

"ஒண்ணே கால் மணி நேரமாவது ஆகும்மா."

கஞ்சித் தண்ணீர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போன் கைமாறியது. தங்கையன்.

"ஒண்ணு சொல்லணுங்க. நீங்க திட்டக் கூடாது."

"என்னண்ணே?"

"திட்ட மாட்டேன்னு சொல்லுங்க மொதல்ல."

"அண்ணே, உங்க கால்ல வேணாலும் விழுறேன், சொல்லுங்க!"

"மஞ்சத்தூள் டப்பாவுல கொஞ்சம் சீனி வச்சிருக்கேன். என் டீக்கு. ஆருக்கும் தெரியாது."

அந்த நேரத்தில் என் காதில் விழுந்ததைப் போல் இனிமையான வாக்குமூலம் எந்தக் கோர்ட்டிலும் விழுந்திருக்காது. ஆனால் தம்பி தங்கைகளே, உடனே "ஊற்றுங்கள்" என்று கத்திவிடாதீர்கள். எனக்கும் கத்தத்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டேன். அந்த நாளில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

"கூப்பிட்டா கண்ணைத் திறக்குறாரா? ஒரு சொட்டுத் தண்ணி வச்சா முழுங்குறாரா?"

பார்த்துச் சொன்னார். "முழுங்குறாருங்க."

"நிமித்தி உக்கார வைங்க. நாலு ஸ்பூன் அரைத் தம்ளர்ல கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா. முழுங்குறதை நிறுத்திட்டா நீங்களும் நிறுத்திடணும், வாயில ஊத்தக் கூடாது. தேறுனதும் சோறு குடுங்க."

அதற்குப் பிறகு அலைச் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். கிளினிக்கின் பின்பக்கம் ஜெனரேட்டர் ஓரமாகப் போய் நின்றேன். போனைக் காதிலிருந்து எடுக்கவும் தைரியம் இல்லை. பரிகாரத்தை நம்பி மாத்திரையை விடுபவர்களை வருடக்கணக்கில் கேலி செய்தவள் நான். அன்றைக்குப் பக்கத்து ஊர்க்காரி என்ற உரிமையில் திருநள்ளாறு சனீஸ்வரனிடம் வாய்விட்டே பேசினேன். "அந்த மனுஷனைக் காப்பாத்திக் குடுத்துரு சாமி. தப்பு என்னுதுதான். அவர் பொஞ்சாதி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? இனிமே என் கையால ஒருத்தருக்கும் லிஸ்ட் எழுத மாட்டேன், சத்தியம்" என்று சொல்லி, மூக்கைச் சிந்தி, அழுதேன்.

பெரிய டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஆம்புலன்ஸைத் துறைமுகத்துக்கு அனுப்பினார். நானும் ஊசியும் குளுக்கோஸுமாக அதில் ஏறிக்கொண்டேன். போன் மறுபடி வரவே இல்லை. படகு வந்து அணைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு பனியன், முன்பக்கம் முழுக்க மஞ்சள் கறை. அதற்கு மேலே கலியபெருமாளின் முகம். உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

"என்னா டாக்டரம்மா, இம்புட்டு தூரம் நீங்களே வந்துட்டீங்க?"

அவர் பின்னால் தங்கையன் டப்பாவை முதுகுக்குப் பின் மறைத்துக்கொண்டு நின்றார். நான் திட்டிவிடுவேனோ என்று இன்னும் அவருக்குச் சந்தேகம்.

அந்த மாத்திரை மறுபடியும் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடும் என்பதால் கலியபெருமாளை ஒரு நாள் வைத்துப் பார்த்து, மாத்திரை அளவைக் குறைத்து அனுப்பினார் பெரிய டாக்டர். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"டின்னை எப்ப மாத்துனீங்க?"

"ரெண்டு மாசம் ஆகுது சார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பொய் சொல்ல நாலு வழி இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. "ரிசல்ட் வந்ததும் காட்டலாம்னு இருந்தேன் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்துருச்சு" என்றார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஊருக்குள் கதை வேறு மாதிரி பரவியது. போனிலேயே வைத்தியம் சொல்லி உயிரைக் காப்பாற்றிய டாக்டரம்மா. கலியபெருமாளின் மனைவி ஒரு பெரிய கொடுவா மீனைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் ஒண்ணும் செய்யல" என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். இன்னும் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மீனை வாங்கிக்கொண்டேன், குழம்பு வைத்துச் சாப்பிட்டேன், நன்றாகவும் இருந்தது. வெட்கம் வந்தால் சாப்பாடு இறங்காது என்பதெல்லாம் சும்மா. ஓய்வு விழாவில் மைக்கில் வாசித்ததும் இந்தக் கதையைத்தான்.

அந்த வாரக் கடைசியில் துறைமுகத்துக்குப் போனேன். முதன்முறையாக ஒரு படகில் ஏறினேன். இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. டிரைவர் அறையில் என் முத்திரையோடு அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தேன். தங்கையன் டீ கொண்டுவந்தார்.

"சீனியா, மாத்திரையாங்க?"

"சீனி" என்றேன். லேசாக மஞ்சள் வாடை அடித்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

பையிலிருந்து புதுத் தாளும் பேனாவும் எடுத்தேன். இந்த முறை ஒழுங்காக எழுத வேண்டும் என்று 'படகில் ஏற வேண்டிய பொருள்கள்' என்று மனதுக்குள் தலைப்பெல்லாம் தயார். கலியபெருமாள் தொண்டையைச் செருமினார்.

"டாக்டரம்மா, நீங்க எழுதக் கூடாதே."

"ஏன்?"

"சாமிகிட்ட சத்தியம் பண்ணீங்களே. இனிமே லிஸ்டே எழுத மாட்டேன்னு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மைத்துனர் தலையைச் சொறிந்தார். "போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சும்மா. எல்லாரும் கேட்டோம். மூக்கு சிந்துனதுலருந்து எல்லாம். அதுக்கப்பறந்தான் சிக்னல் போச்சு."

எட்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண் நிறைந்துவிட்டது. சனீஸ்வரனுக்குக் கொடுத்த வாக்கை எட்டு சாட்சி முன்னால் மீற முடியாது. பேனாவைக் கலியபெருமாளிடம் கொடுத்தேன்.

"அப்ப நீங்க எழுதுங்க. எந்தெந்த நாள்ல கடல்ல சாப்பாடு தள்ளிப்போவும், அதைச் சொல்லிக்கிட்டே எழுதுங்க."

இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வலை சிக்கினால், இயந்திரம் நின்றால், நல்ல பாடு கிடைத்தால், காற்று மாறினால் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். சாப்பாடு தள்ளிப்போகாத நாள்தான் அபூர்வம் என்று தெரிந்துகொண்டேன். அதை அப்படியே பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். கடலுக்குப் போகும் நாளுக்கென்று மாத்திரையையே மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை எந்த நோயாளிக்கும் நான் என் கையால் லிஸ்ட் எழுதவில்லை. அவர்களைச் சொல்லச் சொல்லி, அவர்கள் கையாலேயே எழுதவைத்தேன். நேரம் அதிகமாகும். ஆகட்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சீனி போட்ட டின்னைவிடச் சீனி போடாத டின் சர்க்கரை நோயாளிக்கு எவ்வளவோ மேல், பல்லுக்கும் அப்படித்தான். வருடக்கணக்கில் தினமும் குடித்தால் என்ன ஆகும், எடை உண்மையிலேயே குறையுமா என்பதில் படித்தவர்களே இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள், அதனால் தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். காஃபீன் இரண்டு டின்னிலும் இருக்கிறது, தூக்கத்தைத் திருடுவது இரண்டும்தான். என் நோயாளியைச் சாய்த்தது அந்த இனிப்பு இல்லை. அது எதையும் செய்யாமல் இருந்தது, அவ்வளவுதான். சாய்த்தவள் நான். ஒன்றை எடுக்கச் சொல்லும்போது, அது அந்த மனிதரின் நாளில் வேறு என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

கலியபெருமாள் எழுதிய லிஸ்டின் நகல் என்னிடம் இருக்கிறது. முதல் வரி: 'மஞ்சத்தூள் டப்பா ஏறாமப் படகு எடுக்கக் கூடாது.' நடுவில் குளுக்கோஸ், பிஸ்கட், சோறு கட்டிவைப்பது எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசி வரியை என் எதிரிலேயே எழுதிவிட்டு, எனக்குக் காட்டாமல் கையால் மறைத்துக்கொண்டார். தங்கையன்தான் கையை விலக்கி வாசித்தார்.

'டாக்டரம்மா சொல்றத டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கணும்.'

அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். முத்திரை குத்தவில்லை.